டிராகன் மூன்றாவது சுற்றைத் தாண்டுமா? 2025 மான்ஸ்டர் மேனுவல், உயர் லெவல் ஆட்டங்களுக்கு

கூடிக் கதை சொல்லி, தாயம் உருட்டி ஆடும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், டன்ஜன் மாஸ்டராக இருந்து உயர் லெவல் ஆட்டம் நடத்தியவர்களுக்குப் பழகிய சங்கடம் இது. பத்தாம் லெவல் வரை புத்தகக் கணக்கு ஓரளவு பலிக்கும். அதற்கு மேல், ‘டெட்லி’ (மரண ஆபத்து) என்று கணக்குக் காட்டிய சண்டையை ஆட்டக்காரர்களின் குழு இரண்டே சுற்றில் முடித்துவிட்டுப் புதையலை எண்ணத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் கதையில் வளர்த்துவந்த லிச் (சாகாத மந்திரவாதி) ஒரே ஒரு ஸ்பெல்லோடு (மந்திரத்தோடு) சாம்பலாகிவிடும். 2014 புத்தகங்களின் இந்த ஓட்டை எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை மட்டும் இந்த விமர்சனத்தில் பார்க்கிறோம். ஓவியங்களைப் பற்றியும் கதைக் குறிப்புகளைப் பற்றியும் பேசப்போவதில்லை.

மான்ஸ்டர் மேனுவல், அதாவது எதிரிகளின் விவரங்களைத் தொகுத்த புத்தகம், விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியீடு. 2025 பிப்ரவரி 18 அன்று வந்தது. 384 பக்கம், 500க்கும் மேற்பட்ட மான்ஸ்டர்கள், வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர். சண்டையின் கடுமையைக் கணக்கிடும் விதி இதில் இல்லை. அது 2024 நவம்பர் 12 அன்று வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 11 முதல் 16ஆம் லெவல் வரை நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். 17க்கு மேல் நடத்துபவர்களுக்கும் பழைய புத்தகத்தைவிட இது பல மடங்கு மேல்தான். ஆனால் அங்கே புத்தகம் பாதி வேலையைத்தான் செய்து தருகிறது. மீதியை டன்ஜன் மாஸ்டர் செய்யாவிட்டால் பழைய சங்கடம் திரும்ப வரும். சில இடங்களில் நேர்மாறாக, யாரும் எதிர்பாராமல் குழுவே அழியும்.

லிச் என்ற உரைகல்

உயர் லெவலில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க லிச்சைவிட நல்ல உரைகல் இல்லை. சேலஞ்ச் ரேட்டிங் (மான்ஸ்டரின் வலிமை எண், சுருக்கமாக சி.ஆர்.) அன்றும் 21, இன்றும் 21. ஆனால் 2014இல் அதன் ஏ.சி. (அடி பட எட்ட வேண்டிய எண்) 17, ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) 135. இப்போது ஏ.சி. 20, ஹெச்.பி. 315.

இந்த வேறுபாடு மேசையில் எப்படித் தெரியும்? 17ஆம் லெவல் ஃபைட்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் 20, பிளஸ் 2 கிரேட்ஸ்வோர்ட், கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (சிறப்புத் திறன்). ஒரு அடிக்குச் சராசரி 7 (வாள்) + 5 (ஸ்ட்ரெங்த்) + 2 (வாளின் பிளஸ்) + 6 (ஃபீட்), அதாவது 20 டேமேஜ் (சேதம்). ஆக்‌ஷன் சர்ஜ் போட்டால் (அதே முறையில் இன்னொரு தடவை தாக்கலாம்) ஒரே முறையில் ஆறு அடி. பழைய லிச்சின் ஏ.சி. 17ஐத் தொட டி20இல் (இருபது முகத் தாயத்தில்) 4 விழுந்தால் போதும். 85 சதவீத வாய்ப்பு, சராசரி 102 டேமேஜ். ஒரே ஆள், ஒரே முறையில் 135இல் 102ஐ எடுத்துவிடுகிறார். அடுத்து யார் வந்தாலும் கதை முடிந்தது. புதிய லிச்சின் மேல் அதே ஆறு அடிக்குச் சராசரி 84. லிச் ரியாக்‌ஷனில் ஷீல்ட் என்ற காப்பு ஸ்பெல்லைப் போட்டு ஏ.சி.யை 25 ஆக்கினால் 54. (பழைய லிச்சிடமும் ஷீல்ட் இருந்தது, அப்போதும் சராசரி 72 போகும்.) 315இல் 54 என்பது காயம், 135இல் 72 என்பது பாதி உயிர்.

தாக்கும் பக்கமும் சரிசெய்யப்பட்டிருக்கிறது. பழைய லிச்சை நடத்துவது பரீட்சைக்குப் படிப்பதுபோல. ஒன்றாம் ஸ்லாட்டிலிருந்து ஒன்பதாம் ஸ்லாட் வரை (ஸ்லாட் என்பது ஸ்பெல் போடச் செலவாகும் அளவு) நீண்ட ஸ்பெல் பட்டியல். அதில் எதைப் போடுவது என்று தேடுவதற்குள் அது செத்துவிடும். புதிய லிச் ஒரு முறையில் மூன்று தாக்குதல் செய்கிறது. எல்ட்ரிச் பர்ஸ்ட் 120 அடி தூரம் போகும். தாயத்தோடு பிளஸ் 12, பட்டால் 31 ஃபோர்ஸ் டேமேஜ். மூன்றும் பட்டால் 93. ஃபோர்ஸ் டேமேஜுக்கு எதிர்ப்பு வைத்திருக்கும் கேரக்டர் மிக அரிது என்பதால் இந்த 93 உண்மையான 93. ஸ்பெல் பட்டியல் ஒரே மூச்சில் படித்துவிடும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உயர் லெவலில் டன்ஜன் மாஸ்டரின் பெரிய எதிரி நேரம்தான். அந்த வகையில் இது ஹெச்.பி. கூட்டியதற்குச் சமமான திருத்தம்.

மற்றவையும் இதே போக்கில்தான் மாறியிருக்கின்றன, அளவுதான் வேறுவேறு. ஹெச்.பி.யில் பிட் ஃபீண்ட் 300இலிருந்து 337, பாலோர் 262இலிருந்து 287, வாம்பயர் 144இலிருந்து 195. ஏன்ஷன்ட் ரெட் டிராகனுக்கு மட்டும் 546இலிருந்து 507 ஆகக் குறைந்திருக்கிறது. இதைப் பார்த்து அது பலவீனமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்பு ஒன்றோடொன்று பொருந்தாத கடி, நகம், வால் கணக்குகள் இருந்தன. இப்போது மூன்று ரெண்ட் தாக்குதல். ஒவ்வொன்றும் 19 வெட்டு, 10 நெருப்பு. அதோடு லெஜண்டரி ஆக்‌ஷனில் (பிறர் முறை முடிந்ததும் செய்யும் கூடுதல் செயலில்) பவுன்ஸ்: பாதி வேகத்துக்கு நகர்ந்து இன்னொரு ரெண்ட். மூன்று லெஜண்டரி ஆக்‌ஷனையும் பவுன்ஸுக்கே செலவழித்தால் ஒரு சுற்றில் ஆறு அடி, எல்லாம் பட்டால் 174. தன் குகையில் இருந்தால் ஏழு அடி, 203. ஏ.சி. 20 உள்ளவரைத் தொட அதற்கு 3 விழுந்தால் போதும், 90 சதவீதம்.

முதல் அடி யாருடையது

இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த மாற்றம் எது என்று கேட்டால், ஒவ்வொரு ஸ்டாட் பிளாக்கிலும் (மான்ஸ்டரின் எண்கள் உள்ள கட்டம்) அச்சிட்டிருக்கும், யார் முதலில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் என்ற அந்த ஒற்றை வரியைத்தான் சொல்ல வேண்டும்.

ஏன்ஷன்ட் ரெட் டிராகனின் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10. பழைய விதியில் இனிஷியேட்டிவ் பிளஸ் 0. குழுவின் நான்கு பேரும் அதற்கு முன்னால் ஆடி, பாதி ஹெச்.பி.யை எடுத்துவிட்ட பிறகுதான் அது முதல் முறையாக வாயைத் திறக்கும். இப்போது பிளஸ் 14; தாயம் உருட்ட விருப்பமில்லையென்றால் நிலையான 24. லிச்சுக்கு பிளஸ் 17, நிலையான 27. கனமான கவசம் போட்ட, இனிஷியேட்டிவ் பிளஸ் 1 உள்ள ஃபைட்டர் 20 உருட்டினாலும் 21தான்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. டிராகன் எப்போதும் முதலில் ஆடினால், எப்போதும் முதலில் வருவது நெருப்பு மூச்சு. 90 அடி கூம்பு, டி.சி. 24 டெக்ஸ்டெரிட்டி சேவ் (தாயமும் பிளஸும் சேர்ந்து 24ஐ எட்ட வேண்டும்), 26டி6 டேமேஜ் (26 ஆறுமுகத் தாயங்கள்), சராசரி 91. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள 17ஆம் லெவல் விசார்டுக்கு ஹெச்.பி. 104. அவருடைய டெக்ஸ்டெரிட்டி சேவ் பிளஸ் 2 என்றால் அவருக்கு 22 விழ வேண்டும். தாயத்தில் 22 கிடையாது. தப்பிக்கும் வாய்ப்பே இல்லாமல் 13 ஹெச்.பி.யில் நிற்பார். சராசரிக்குச் சற்று மேலே உருண்டால் விழுந்தே விடுவார். பக்கத்தில் கரிஸ்மா (ஆளுமை) 20 உள்ள பாலடின் (புனித வீரர்) நின்றால் அவருடைய ஆராவின் பிளஸ் 5 சேர்ந்து 17 விழுந்தால் போதும். அதுவும் 20 சதவீதம்தான்.

ஆகவே நிலையான 24, 27 எண்களை, குழுவுக்கு முன்னறிவிப்புக் கிடைத்த சண்டைகளில் மட்டும் பயன்படுத்துங்கள். தடம் பார்த்து, விசாரித்து, ஃபயர் ரெசிஸ்டன்ஸ் ஏற்பாட்டோடு வருகிறவர்களுக்கு அது நியாயம். எதிர்பாராமல் வந்து இறங்கும் டிராகனுக்குத் தாயத்தை உருட்டுவதே நல்லது. பாஸோடு வரும் காவல் மான்ஸ்டர்களுக்கும் எப்போதும் உருட்டுங்கள். இல்லையென்றால் எதிரிப் பக்கம் முழுவதும் ஒரே கொத்தாக ஆடி முடித்துவிடும். நான்கு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சேவ் இல்லாத முடக்கம்

உயர் லெவலில் சேவிங் த்ரோ (சேவ்) என்ற இயந்திரமே பழுதாகிவிடுகிறது. ஒரு பக்கம், 18ஆம் லெவல் பாலடினின் ஆரா 30 அடிக்கு விரியும். அதற்குள் நிற்பவர்கள் எல்லாரும் பிளஸ் 5 பெறுகிறார்கள், யாரும் பயப்படுவதும் இல்லை. 14ஆம் லெவல் மாங்குக்கு எல்லா சேவிலும் தேர்ச்சி. ஹீரோஸ் ஃபீஸ்ட் என்ற மந்திர விருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் பயமும் விஷமேறிய நிலையும் அண்டாது. இன்னொரு பக்கம், இன்டெலிஜன்ஸ் 8 உள்ள ஃபைட்டருக்கு டி.சி. 20 இன்டெலிஜன்ஸ் சேவ் வந்தால் 20 விழுந்தும் தோற்பார். ஒரே மேசையில் ஒருவருக்குச் சேவ் சும்மா, இன்னொருவருக்குச் சேவ் மரணம்.

புதிய புத்தகம் இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பல மான்ஸ்டர்கள், அடி பட்டாலே சேவ் கேட்காமல் நிலையை ஏற்றிவிடுகின்றன. லிச்சின் பாரலைசிங் டச் பட்டால் 15 குளிர் டேமேஜ், அதன் அடுத்த முறை தொடங்கும் வரை முடக்கம். ஏ.சி. 21 பாலடினுக்கும் 60 சதவீத வாய்ப்பில் படும். இது சரியான திசை. ஏ.சி.க்கும் மதிப்பு வருகிறது, பாலடின் ஆரா ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் நிலையும் போகிறது.

ஆனால் மூன்று தாக்குதலையும் டச்சுக்கே பயன்படுத்தி மூன்று பேரை முடக்கினால், அந்த மூன்று பேரும் ஒரு சுற்று முழுவதும் சும்மா உட்கார வேண்டும். இந்த லெவலில் ஒரு சுற்று சுற்றிவர அரை மணி நேரம் ஆவது சாதாரணம். ஆகவே ஒரு டச், இரண்டு பர்ஸ்ட் என்று கலந்து நடத்துங்கள். ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் என்ற ஸ்பெல் மந்திரத்தால் வரும் முடக்கத்தைத் தடுக்கும் என்பதைக் கதைக்குள்ளேயே ஒரு துப்பாகச் சொல்லி வையுங்கள். நான்காம் ஸ்லாட்டை அதற்கென்று ஒதுக்கலாமா வேண்டாமா என்று குழு யோசிப்பதே நல்ல ஆட்டம்.

பட்ஜெட் கணக்கு: பாதி சரி, பாதி பொறி

2014 கணக்கில் மான்ஸ்டர்களின் எக்ஸ்.பி.யை (அனுபவப் புள்ளி) கூட்டி, எண்ணிக்கைக்கு ஏற்ப ஒன்றரை, இரண்டு, மூன்று என்று பெருக்க வேண்டும். 2024இல் பெருக்கலே கிடையாது. ஒரு கேரக்டருக்கு இவ்வளவு என்று பட்ஜெட். கூட்டிப் பார்த்தால் போதும். நிலைகள் மூன்று: லோ, மாடரேட், ஹை. 11ஆம் லெவலுக்கு 1,900, 2,900, 4,100. 17க்கு 4,500, 7,200, 11,700. 20க்கு 6,400, 13,200, 22,000.

17ஆம் லெவல் நான்கு பேருக்கு ஹை பட்ஜெட் 46,800. இதில் ஒரு லிச் (33,000), இரண்டு ஸ்டோன் கோலெம் (தலா 5,900) வைத்தால் 44,800. பட்ஜெட்டுக்குள் அடங்குகிறது. இதே கூட்டணியைப் பழைய கணக்கில் போட்டால் மூன்று மான்ஸ்டருக்கு இரண்டால் பெருக்கி 89,600. அங்கே நான்கு பேருக்கான டெட்லி வரம்பு 35,200தான். அதாவது ‘மரண ஆபத்தைப் போல் இரண்டரை மடங்கு’ என்று பயமுறுத்தும். அதை நம்பி கோலெம்களை எடுத்துவிட்டு லிச்சைத் தனியாக நிறுத்தியவர்களுக்குத்தான் மேலே சொன்ன இரண்டு சுற்றுச் சண்டை கிடைத்தது. புதிய கணக்கு இங்கே உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு கோலெமுக்கும் 220 ஹெச்.பி., 120 அடி போகும் ஃபோர்ஸ் போல்ட், அவ்வப்போது ஸ்லோ. ஸ்லோவுக்குள் சிக்கிய ஃபைட்டர் தன் முறையில் ஒரே ஒரு அடிதான் அடிக்க முடியும். லிச்சின் லெஜண்டரி செயல்களைச் சேர்க்காமல், மூன்று மான்ஸ்டரும் சேர்ந்து ஒரு சுற்றில் ஏறக்குறைய 189 டேமேஜ், அதுவும் எல்லா அடியும் பட்டால். இது நான்கைந்து சுற்று நிற்கக்கூடிய, யாராவது ஒருவர் விழக்கூடிய, ஆனால் வெல்லக்கூடிய சண்டை.

இப்போது பொறிக்கு வருவோம். அதே 46,800ஐ 3,900ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 12. சி.ஆர். 8 மான்ஸ்டர் பன்னிரண்டு. யங் கிரீன் டிராகன் சி.ஆர். 8. அதன் விஷ மூச்சு 12டி6, சராசரி 42. சேவ் டி.சி. 14தான், உயர் லெவல் ஆட்களுக்கு எளிது. ஆனால் சேவ் வென்றாலும் பாதி உண்டு, 21. பறந்துவந்து நான்கு பேரையும் தொடும்படி பாதி டிராகன்கள், ஆறே ஆறு, ஊதினால் எல்லாச் சேவும் வென்றவருக்கே 126. நம் விசார்டிடம் 104தான் இருக்கிறது. பழைய கணக்கு இதை மூன்றால் பெருக்கி 1,40,400 என்று அலறியிருக்கும். புதிய கணக்கு ‘ஹை, ஆனால் சரியாக வரம்புக்குள்’ என்கிறது. ஒரு கேரக்டருக்கு இரண்டு மான்ஸ்டருக்கு மேல் வைப்பதானால் எளிதில் விழக்கூடியவற்றைச் சேருங்கள் என்று கைடில் ஒரு குறிப்பு உண்டு. அது குறிப்பாக மட்டும் இருக்கிறது, எண்ணுக்குள் நுழையவில்லை. பரப்புத் தாக்குதல், மூச்சு, ஃபயர்பால் போன்றவை உள்ள மான்ஸ்டர்களைக் கூட்டமாக வைக்கும்போது இந்தக் கணக்கை நம்பவே கூடாது. எல்லா மூச்சும் ஒரே சுற்றில் வந்தால் குழுவின் மிகக் குறைந்த ஹெச்.பி. உள்ளவர் சேவ் வென்றும் பிழைப்பாரா என்று முதலில் பாருங்கள். பிழைக்கமாட்டார் என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது இரண்டு அலைகளாகப் பிரித்து மூன்று சுற்று இடைவெளியில் வர வையுங்கள்.

கைடு இன்னொன்றையும் விட்டுவிட்டது. பழைய புத்தகம், ஒரு நாளில் ஆறு முதல் எட்டு சண்டை வரை குழு தாங்கும் என்று சொல்லி, லெவல்வாரியாக நாள் பட்ஜெட்டும் கொடுத்தது. யாரும் ஒரு நாளில் எட்டு சண்டை வைப்பதில்லை என்பது உண்மை. அதற்காக எண்ணையே எடுத்துவிட்டது சரியல்ல. உயர் லெவலில் கடுமையைத் தீர்மானிப்பது ஒரு சண்டையின் எண் அல்ல. அந்தச் சண்டைக்கு வரும்போது எத்தனை ஸ்லாட் மிச்சம் என்பதுதான். தூங்கி எழுந்ததும் லிச்சைச் சந்திக்கும் குழுவும், ஆக்‌ஷன் சர்ஜும் ஆறாம் ஸ்லாட்டும் தீர்ந்தபின் சந்திக்கும் குழுவும் வெவ்வேறு குழுக்கள்.

எங்கள் பரிந்துரை: லாங் ரெஸ்ட் (முழுத் தூக்கம்) இல்லாமல் இரண்டு மாடரேட், கடைசியாக ஒரு ஹை. 17ஆம் லெவல் நான்கு பேருக்குக் கூட்டினால் 1,04,400. பழைய நாள் பட்ஜெட் 1,00,000. கிட்டத்தட்ட அதே எடை, ஆனால் எட்டுக்குப் பதில் மூன்றே சண்டை. நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அவசரம் ஏன் என்பது கதையில் இருக்க வேண்டும்: சடங்கு சூரியன் மறைவதற்குள் முடியும், பிணைக்கைதி இன்றிரவு வேறு உலகத்துக்குக் கொண்டுபோகப்படுவார். காரணமில்லாமல் ‘இங்கே தூங்க முடியாது’ என்றால் ஆட்டக்காரர்கள் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது.

ஹெச்.பி.யைத் திருகுவது எப்படி

ஒவ்வொரு ஸ்டாட் பிளாக்கிலும் ஹெச்.பி.க்குப் பக்கத்தில் ஒரு தாயக் கோவை இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. லிச்சுக்கு 42டி8 + 126. அதாவது 168 முதல் 462 வரை எந்த எண்ணும் விதிக்கு உட்பட்டது. ரெட் டிராகனுக்கு 26டி20 + 234, 260 முதல் 754 வரை. சண்டை நடக்கும்போது ரகசியமாக ஹெச்.பி. கூட்டுவது ஏமாற்று, மேசையில் ஒருமுறை தெரிந்துவிட்டால் நம்பிக்கை போய்விடும். சண்டைக்கு முந்தைய நாள் இந்த வரம்புக்குள் ஒரு எண்ணை முடிவுசெய்து எழுதிவைப்பது நேர்மை.

எந்த எண்? கடைசி மூன்று சண்டைகளில் குழு ஒரு சுற்றில் மொத்தம் எவ்வளவு டேமேஜ் கொடுத்தது என்று குறித்துவையுங்கள். முதல் சுற்றைத் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் எல்லாரும் பெரிய ஆயுதத்தை அப்போதுதான் எடுப்பார்கள். முதல் சுற்று 220, பிறகு சுற்றுக்கு 130 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுற்று நிற்க வேண்டும் என்றால் 220 + 390 = 610. தனி டிராகனுக்கு 610 எழுதலாம், வரம்புக்குள் இருக்கிறது. லிச்சின் உச்சமே 462 என்பதால் அதற்குத் துணை ஆட்கள் தேவை. கோலெம்கள் வாங்கிக்கொள்ளும் அடி லிச்சுக்குப் போகாத அடி. ஐந்து சுற்றுக்கு மேல் நீட்டவே வேண்டாம். அதன்பின் நடப்பது சண்டை அல்ல, கழித்தல் கணக்கு.

தனி மான்ஸ்டர் தோற்பதற்கு ஹெச்.பி. குறைவு மட்டும் காரணமில்லை. வால் ஆஃப் ஃபோர்ஸ் என்ற மந்திரச் சுவருக்கு சேவ் கிடையாது, டிஸ்பெல் செய்யவும் (மந்திரத்தால் கலைக்கவும்) முடியாது. ஐந்தாம் ஸ்லாட் ஒன்றில் சண்டைக்களம் இரண்டாகிவிடும். ஃபோர்ஸ்கேஜ் என்ற மந்திரக் கூண்டுக்கு இப்போது கான்சன்ட்ரேஷன் (போட்டவரின் இடைவிடாத கவனம்) தேவை என்று 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மாற்றியது பெரிய உதவி. கூண்டைப் போட்டவரை அடித்தால் கூண்டு உடையலாம். ஆகவே சி.ஆர். 17க்கு மேல் மான்ஸ்டர் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டாட் பிளாக்கில் மூன்றைத் தேடுங்கள்: டெலிபோர்ட் உண்டா, 60 அடிக்கு மேல் எட்டும் தாக்குதல் உண்டா, பறக்கும் எதிரியை என்ன செய்யும். லிச் டெத்லி டெலிபோர்ட்டில் 60 அடி போய்விடும். பாலோருக்கும் டெலிபோர்ட் உண்டு. பழைய டராஸ்க் (ராட்சத மிருகம்) இந்தச் சோதனையில் தோற்ற கதை எல்லாரும் அறிந்தது: பறக்கும் வில்லாளி ஒருவர் பொறுமை இருந்தால் அதைக் கொன்றுவிடலாம். புதியதற்கு 150 அடி கூம்பில் தண்டரஸ் பெல்லோ, டி.சி. 27, 78 டேமேஜ். 150 அடிக்கு மேலே போய்விட்டால் பழைய கதைதான் என்றாலும், ஊருக்குள் சண்டை நடந்தால் யாரும் அவ்வளவு தூரம் போய் நிற்கமாட்டார்கள்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவை வென்றதாக மாற்றும் சலுகை) ஏன்ஷன்ட் டிராகனுக்கும் லிச்சுக்கும் மூன்றிலிருந்து நான்காகி, சொந்த இடத்தில் ஐந்தாகியிருக்கிறது. எதிரியின் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் இப்போது அந்த எதிரியிடம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் கேட்கிறது. எனவே லிச் அதற்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸைச் செலவழிக்கலாம். செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரருக்குத் தெரியும்படி சொல்லுங்கள்: எலும்பு விரலில் ஒரு மோதிரம் வெடித்தது, இன்னும் மூன்று மின்னுகின்றன. ஸ்பெல் வீணாகவில்லை, ஒரு மோதிரத்தை உடைத்தது என்று விசார்ட் உணர்வார். மறைத்துவைத்தால் இரண்டாவது தடவையே அவர் சேவ் ஸ்பெல்களைக் கைவிட்டுவிடுவார்.

புத்தகத்தில் இல்லாதவை

சி.ஆர். 25 கொலோசஸ். அதற்கு அடுத்தது 30, டராஸ்க். நடுவில் வெற்றிடம். 20ஆம் லெவல் நான்கு பேரின் ஹை பட்ஜெட் 88,000. 25க்கு 75,000 என்பதால் கொலோசஸ் பொருந்தும். டராஸ்க் 1,55,000, எந்தக் கணக்கிலும் அடங்காது. புதிதாக வந்த ஆர்ச்-ஹேக் (21), எலிமென்டல் கேட்டகிளிசம் (22), பிளாப் ஆஃப் அனைஹிலேஷன் (23) ஆகியவை நல்ல வரவு. ஆனால் உச்ச லெவல் எதிரி என்றால் இன்னும் பெரும்பாலும் டிராகன்தான்.

லேயர் (மான்ஸ்டரின் உறைவிடம்) ஆக்‌ஷன்கள் போய்விட்டன. இனிஷியேட்டிவ் 20இல் தரை குமுறும், எரிமலைக் குழம்பு பீய்ச்சும் அந்த விதி, தனி மான்ஸ்டருக்கு இன்னொரு கை கொடுத்தது. இப்போது அதற்குப் பதிலாக ஒரு லெஜண்டரி ஆக்‌ஷனும் ஒரு ரெசிஸ்டன்ஸும் கூடுகின்றன. நடத்த எளிது, கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் குகை என்பது இப்போது வெறும் எண்ணாகிவிட்டது. இந்த ஒன்றில் பழைய புத்தகத்தையே எடுத்துப் பயன்படுத்துங்கள். இனிஷியேட்டிவ் 20இல் ஒரு நிகழ்வு, 6டி6க்கு மிகாத டேமேஜ், அல்லது டேமேஜே இல்லாமல் இடத்தை மாற்றும் நிகழ்வு.

பெரிய ஏமாற்றம், சொந்தமாக மான்ஸ்டர் செய்யும் அட்டவணை இரண்டு புத்தகத்திலும் இல்லாதது. 2014 கைடில் சி.ஆர். 24க்கு ஏ.சி. 19, ஹெச்.பி. 536 முதல் 580, சுற்றுக்கு 195 முதல் 212 டேமேஜ் என்று தெளிவாக இருந்தது. அந்த எண்கள் ரெட் டிராகனின் புதிய கணக்கோடும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. டேமேஜ் வரிசையை இன்றும் நம்பலாம். ஏ.சி.யை மட்டும் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கைடு கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே நான்கு பேருக்கு மாடரேட் 80, சிவியர் 120, எக்ஸ்ட்ரீம் 160. குழுவின் லெவலே உள்ள மான்ஸ்டர் 40, நான்கு லெவல் கூடுதலானது 160. 1ஆம் லெவலிலும் 20ஆம் லெவலிலும் இதே எண்கள், இரண்டிலும் பலிக்கின்றன. காரணம், தாக்குதல், சேவ், ஏ.சி. எல்லாவற்றிலும் லெவல் கூடுகிறது. வலிய மான்ஸ்டரை ஒரே ஸ்பெல்லில் முடக்குவதை இன்கபாசிடேஷன் என்ற குறி தடுக்கிறது. சண்டைக் கணக்கு துல்லியமாக இருப்பதே முக்கியம் என்பவர்களுக்கு அது மேல். அதற்கு விலையாக, ஆட்டக்காரர்களும் நிறைய விதி படிக்க வேண்டும்.

வாங்கும் முன்

2025 ஏப்ரல் 22 அன்று வந்த எஸ்.ஆர்.டி. 5.2 என்ற விதித் தொகுப்பை இலவசமாக இறக்கிப் பாருங்கள். ஏன்ஷன்ட் டிராகன்கள், லிச், பாலோர், பிட் ஃபீண்ட், கிராக்கன், சோலார், டராஸ்க், ஸ்டோன் கோலெம் எல்லாம் அதில் இருக்கின்றன. சண்டை பட்ஜெட் விதியும் இருக்கிறது. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்றவை இருக்காது. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வந்தது என்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு ஸ்டாட் பிளாக்கைத் தமிழில் எழுதி உங்கள் குழுவுக்குக் கொடுக்கவும் தடையில்லை. மேலே சொன்ன லிச்-கோலெம் சண்டையை அதை வைத்தே நடத்திப் பார்க்கலாம்.

அது பிடித்திருந்தால் புத்தகத்தை வாங்குங்கள். வாங்கியதும் முதலில் பின்பக்கப் பட்டியல்களைப் பிரியுங்கள். மான்ஸ்டர்கள் இப்போது ஆங்கில அகரவரிசையில் தனித்தனியாக இருக்கின்றன. பாலோரை டீமன் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது. சி.ஆர். வாரியான பட்டியலில் 8, 10, 15 மூன்றுக்கும் ஒட்டுத்தாள் வைத்துவிடுங்கள். 17ஆம் லெவலில் பாஸுக்குப் பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துவிட்டு மீதியைச் செலவழிக்க நீங்கள் திரும்பத் திரும்பப் புரட்டப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.